நாங்கள் கொடுத்த பன்

கோல் போட்டவளுக்குத்தான் சிறந்த ஆட்டக்காரி கோப்பை என்றால் அதற்கு எதற்கு ஒரு நடுவர் குழு, ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு பொன்னாடை? எண்ணத் தெரிந்தவர் ஒருவர் போதாதா? எத்தனையோ வருஷமாக இதைக் கத்திக்கொண்டிருக்கிறேன். கேட்பார் இல்லை.

போன வாரம் என் வீட்டுக்காரர் செல்போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்று தன் பெண்கள் கால்பந்து அணிக்குப் புதிதாகச் சேர்த்திருக்கும் பெண்ணின் வீடியோ. பின்னால் ஒரு குத்துப்பாட்டு, முன்னால் கோல், கோல், இன்னொரு கோல்.

“இன்னா அடி பாரு! இந்த வீடியோவப் பாத்துட்டுத்தான் சீட்டே குட்த்தாங்களாம்” என்றார். அவர் படப்பைக்காரர்.

“அந்தப் பாட்ட மொதல்ல நிப்பாட்டுங்க. பந்து இல்லாதப்ப இந்தப் பிள்ள எங்க நிக்கான்னு எங்கயாவது காட்டுதாங்களா?”

“உங்கிட்டப் போய்க் காட்னேன் பாரு, என்னச் சொல்லணும்” என்று செல்போனோடு வாசலுக்குப் போய்விட்டார்.

அவர் போனாலும் எனக்கு ஆறவில்லை. பந்தைத் தடுப்பவளுக்கு யார் பாட்டுப் போட்டு வீடியோ எடுப்பார்கள்? அவள் சரியான இடத்தில் நின்றாள் என்பதையே யாரும் பார்க்கமாட்டார்கள். நான் பார்த்தேன். ஒரு காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது அதை மட்டும்தான் பார்த்தேன்.

இத்தனைக்கும் நான் ஒரு நாளும் பந்தை உதைத்தவளில்லை. தென்காசிப் பக்கமிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவள். கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் லைனில் நின்றேன். தண்டலத்தில் லேடீஸ் ஹாஸ்டல். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிடும் இடத்துக்கு எதிரிலேயே அந்தக் கல்லூரி மைதானம். அறைக்குப் போனால் துணி துவைக்கணும், பாத்ரூமுக்கு வரிசையில் நிற்கணும். மைதானத்தில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து காற்று வரும். முதலில் காற்றுக்குத்தான் போனோம், சத்தியமாக.

கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ரோட்டு வேலைக்காகக் கொண்டுவந்து போட்டு மறந்துபோன பெரிய சிமென்ட் குழாய்கள் கிடந்தன. அதுதான் எங்கள் கேலரி. கம்பெனி பெயர் முதுகில் போட்ட நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் குழாய் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வோம். லைனில் என் பக்கத்தில் நிற்கும் படப்பைக்காரி ஒருத்தி, அவள் வீடு வேறு திசையில் இருந்தும், மேட்ச் இருக்கும் நாளெல்லாம் எங்கள் பஸ்ஸில் ஏறிவிடுவாள். “எங்கூட்ல ஓ.டி.ன்னு சொல்லிக்கினு வந்துகீறேன், எவளும் வாயத் தொறக்கக் கூடாது” என்பாள். பின்னால் அவளே எனக்கு நாத்தனார் ஆனாள். செல்போன் நீட்டினாரே, அவருடைய தங்கைதான்.

அந்த அணியின் கோச் கல்லூரியின் பி.டி. மாஸ்டர். அவரைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. களைத்துப்போனவளை வெளியே எடுத்து வேறொருத்தியை இறக்க வேண்டிய நேரத்தில், விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே நிற்பார். நாங்கள் குழாயிலிருந்து கத்துவோம்: “சார், எட்டாம் நம்பருக்கு நாக்கு தள்ளுது சார்!” திரும்பிப் பார்த்து முறைப்பார், கொஞ்ச நேரம் கழித்து அதையே செய்வார். ஜெயித்தால் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. ஆனால் ஆள் பிடிப்பதில் மனுஷன் கில்லாடி.

எங்கள் ஸ்டாப்பரை, அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவளை, அவர் பிடித்த கதையே போதும். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளி மேட்ச். கோலாகப் போட்டுத் தள்ளுகிறாள் என்று பேர் வாங்கிய ஒரு ஃபார்வர்டைப் பார்க்கத்தான் போயிருக்கிறார். அன்றைக்கென்று அந்தப் பெண்ணுக்குப் பந்தே கிடைக்கவில்லை. கூடப் போனவர்கள், “இன்னைக்கு அவ சரியில்ல சார், அடுத்த மேட்ச் பாருங்க” என்றார்களாம். இவர், “அவ நல்லாத்தான் ஆடுறா, அவளுக்குப் பந்து போகாமப் பண்றாளே, அவ யாரு?” என்று கேட்டு, எதிரணி ஸ்டாப்பரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கல்லூரி கொடுத்தது. ஆள் எடுப்பது என்றால் இதுதான். வீடியோ பார்த்து எடுப்பதெல்லாம் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து மருமகள் எடுக்கிற மாதிரி.

அவள் அம்மா உப்பளத்தில் வேலை செய்தாள். பெண் ஒல்லி, கறுப்பு, வாய் ஓயாது. பின்னால் நிற்கும் கோல்கீப்பரோடு ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள். அவள் தலைதெறிக்க ஓடி நான் அதிகம் பார்த்ததில்லை. பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே பஸ்ஸுக்கு முன்கூட்டியே வந்து நிற்பவள் மாதிரி நின்றுகொண்டிருப்பாள். எனக்கு அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் கால்பந்தே புரிந்தது.

மேட்ச் முடிந்தால் கோப்பையும் கைதட்டலும் கோல் போட்டவளுக்கு. எங்களுக்கு வயிறு எரியும். அதனால் நாங்களே ஒரு விருது வைத்தோம். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேன்டீனில் ஆளுக்கொரு ஜாம் பன் தருவார்கள், கம்பெனி பெயர் அச்சடித்த காகித உறையில். ஒருத்தியுடைய பன்னைத் தின்னாமல் எடுத்துவந்து, குழாய் மேல் உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்து, அன்றைக்கு நன்றாக ஆடியவளுக்குக் கொடுப்போம். சட்டம் ஒன்றே ஒன்று: கோல் போட்டவளுக்குப் பன் கிடையாது. பெரும்பாலும் ஸ்டாப்பருக்குத்தான் போகும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, பாதியைப் பிய்த்துக் கோல்கீப்பருக்குக் கொடுப்பாள். “என்னக்கா உங்க கேன்டீன்ல, ஜாம ஒரு மூலையில மட்டும் தடவுதாங்க?” என்பாள். எங்களுக்கு அப்படிச் சிரிப்பு வரும்.

அவளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம் வந்தது. ஒரகடத்தில் இன்னொரு கம்பெனி புதிதாகப் பெண்கள் அணி தொடங்கப்போவதாகப் பேச்சு. எடுத்துக்கொண்டால் வேலையும் உண்டு, ஆட்டமும் உண்டு. “அது கெடச்சா ஆடிக்கிட்டே இருக்கலாம்க்கா. இல்லன்னா இந்த ஷூவ யாருக்காவது குடுத்துட்டு அம்மா கூட உப்பு வாரப் போகணும்” என்று அவள் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

செமி ஃபைனலுக்கு அந்தக் கம்பெனியின் ஆள் பார்க்க வந்தார். இஸ்திரி கலையாத சட்டையோடு மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் சும்மா இருப்போமா? குழாய் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினோம். அவளும் வஞ்சகம் இல்லாமல் ஆடினாள். எதிரணி ஃபார்வர்டு கடைசியில் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். ஜெயித்தோம். அன்றைக்கென்று எல்லாரும் பன்னைத் தின்னாமல் வைத்திருந்தோம். நீலக் கோட்டுகள் சூழ்ந்து நின்று ஒரு பை நிறையப் பன்னை, அந்த மனுஷன் பார்க்க வேண்டும் என்றே, அவள் கையில் கொடுத்தோம். அவர் பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

“நம்ம பொண்ணு ஆட்டத்தப் பாத்து மெர்சலாயிட்டாரு” என்றாள் படப்பைக்காரி.

மறுநாள் மாஸ்டர் நேராகக் குழாய்க்கே வந்துவிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“ஏம்மா, உங்க கம்பெனி அந்தப் பொண்ண எடுத்துடுச்சாமே?”

“எங்க கம்பெனியா? எங்ககிட்ட கேரம் போர்டே உருப்படியா இல்ல சார், டீம் எங்க இருக்கு?” என்றேன்.

“நேத்து பாக்க வந்தவரு அப்டித்தான் நெனச்சிகினு போய்ட்டாரு. அத்தினி பேரு ஒரே கம்பெனிக் கோட்டு, கம்பெனிப் பேரு போட்ட பன்னு, அவ பேரச் சொல்லிக் கூச்சலு. வேற இன்னான்னு நெனைப்பாரு? முந்தி ஒரு பொண்ணு இவங்ககிட்ட வேலைக்கு ஆர்டர் வாங்கினு வேற கம்பெனிக்கு ஓடிட்டாளாம். நம்ம பொண்ணு வேணாம்னுட்டாரு.”

கோட்டைக் கழற்றி வைக்க ஹாஸ்டல் வரை போக வேண்டுமே என்ற சோம்பலில் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டு வந்த கோட்டு. அடப்பாவிகளா, ஆசையாகக் கொடுத்த பன் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதே!

“நீங்க சொல்லலியா சார், அப்படி இல்லன்னு?”

“சொல்லாம இருப்பனா? எல்லா கோச்சும் அதான் சொல்வான்றாரு. கெஞ்சிக் கூத்தாடி ஃபைனலுக்கு வர ஒத்துக்கினாரு. தோ பாருங்கம்மா, அன்னிக்கிக் கோட்டு வேணாம், கத்தல் வேணாம், பன்னு வேணாம். அவ பக்கத்துலயே போவாதீங்க. அவளாண்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க, ஆடற பொண்ணு மன்சு அலையும்.”

ஃபைனல் அன்று ஹாஸ்டலுக்குப் போய்ச் சுடிதார் மாற்றிக்கொண்டு வந்தோம். குழாயில் உட்காராமல், யாரோ எவரோ மாதிரி வேலி ஓரமாகத் தள்ளித் தள்ளி நின்றோம். இஸ்திரிச் சட்டைக்காரர் வந்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன் அவள் குழாயைப் பார்த்தாள். காலியாகக் கிடந்தது. பாதி ஆட்டத்தில் மறுபடி பார்த்தாள். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

அப்படி ஒரு ஆட்டத்தை அவள் அதற்குமுன் ஆடியதில்லை. கத்தாமல் பார்த்தது எனக்குப் பெரிய வாதை. துப்பட்டா நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றேன். ஆனால் கடைசியில் எங்கள் அணியில் வேறு ஒருத்தி கையில் பந்து பட்டுப் பெனால்ட்டி. அந்த ஒரு கோலில் தோற்றோம். அந்தப் பெனால்ட்டியை உதைத்தவளுக்குச் சிறந்த ஆட்டக்காரி கோப்பை. நின்ற பந்தை உதைத்ததற்கு! கோப்பை கொடுத்தவரை அன்று நான் மனசுக்குள் திட்டாத திட்டில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் அவள் எங்களைக் கண்டுபிடித்துவிட்டாள். கோட்டு இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை போல. பிறகு முகம் மலர்ந்து ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னாலேயே மாஸ்டரும் அந்தக் கம்பெனிக்காரரும் பேசிக்கொண்டு எங்கள் பக்கமாக வந்தார்கள். படப்பைக்காரி என் இடுப்பில் கிள்ளினாள்.

“அக்கா...”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவளிடம் கம்மலைப் பற்றி என்னமோ கேட்டேன்.

“அக்கா, தோத்துட்டோம்னா மூஞ்சத் திருப்புதீய?” என்றாள். படப்பைக்காரி குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, வந்த வழியே போனாள். அந்தக் கம்பெனிக்காரர் தாண்டிப் போனதும் நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

வேலை கிடைத்துவிட்டது. மாஸ்டர்தான் வந்து சொன்னார், வழக்கம்போல இரண்டே வார்த்தையில். எங்கள் நிலைமையை அவளுக்கு எடுத்துச் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, “சொன்னேன், சொன்னேன்” என்றார். அவர் சொல்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? பரீட்சை முடித்து, எங்கள் பக்கம் வராமலே அந்தக் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் குழாய்க்குப் போக எனக்கு மனசு வரவில்லை. கோபமாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே எங்கள் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒட்டினாற்போல இன்னொரு கம்பெனி பஸ். நான் ஜன்னலோரம் அரைத்தூக்கத்தில் இருந்தேன். சொத்தென்று என் கன்னத்தில் ஏதோ வந்து விழுந்தது. மடியில் பார்த்தால் ஒரு பன். காகித உறையில் வேறு கம்பெனியின் பெயர்.

எதிர் ஜன்னலில் அவள். பச்சைக் கோட்டு.

“அன்னைக்கு மூஞ்சத் திருப்புனீயள்லா! இப்பத் திருப்புங்க பாப்போம்!”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “ஏட்டி, மாஸ்டர் சொன்னாராட்டி ஒன்கிட்ட?”

“எல்லாஞ் சொன்னாரு!” என்று கத்தினாள். அவள் பஸ் நகர ஆரம்பித்தது. சிரிப்பு நின்று, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். “அக்கா, அதெல்லாம் கெடக்கட்டும். அன்னைக்கு நான் நல்லா ஆடுனனாக்கா? நீங்க யாருமே சொல்லலியே!”

நான் சீட்டில் ஏறி முட்டிபோட்டு, பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினேன்: “நீதாம்ட்டி பெஸ்ட்டு! அந்தக் கோப்பை உன்னோடதுட்டி!” எனக்குப் பின்னால் படப்பைக்காரி, அவளுக்குப் பின்னால் மொத்தப் பஸ்ஸும் கத்தியது. அன்று வேலி ஓரத்தில் அடக்கிவைத்த கத்தலெல்லாம் வெளியே வந்தது. டிரைவர் அண்ணன், “யம்மா, உள்ள வாங்கம்மா, விழுந்து கிழுந்து தொலைக்கப் போறீங்க” என்று அலறினார். அவள் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

பன்னை நானும் படப்பைக்காரியும் பாதிப் பாதியாகப் பிய்த்துத் தின்றோம். அவர்கள் கேன்டீனிலும் ஜாம் ஒரு மூலையில்தான் தடவியிருந்தார்கள்.