கம்பிக் கதவுக்குள் சின்னி

1998 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு மருந்தகத்தைத் திறந்தேன். காளை விந்தைக் குளிரில் காக்கும் நைட்ரஜன் கலனில் அளவு பார்த்தேன், சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்தேன். இரண்டு பசுக்களுக்குச் சினை ஊசி. மழையில் நனைந்து கழிச்சல் கண்ட ஒரு கன்று. திருவிடைமருதூரை ஒட்டிய எங்கள் கால்நடை மருந்தகத்துக்குப் பூனை வருவது அபூர்வம். அன்று வந்தது.

கூடையில் கொண்டுவந்தவர் நமசிவாயம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி இறந்து ஒன்றரை வருடம். ஒரே மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். வீட்டில் அவரும், மனைவி வளர்த்த சின்னி என்ற இந்தப் பூனையும்தான்.

“சுவத்துல முட்டிக்குது டாக்டர். பால் தட்டு எங்க இருக்குன்னு தெரியலை.”

பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சிரித்தார். “வாத்தியார் வீட்டுப் பூனைல்ல, படிச்சுப் படிச்சுக் கண்ணு போயிருக்கும். மூக்குக் கண்ணாடி எழுதிக் குடுங்க.”

நமசிவாயம் சிரிக்கவில்லை. “பார்வை வந்துடுமா, அதை மட்டும் சொல்லுங்க. இதை விட்டா வீட்டுல பேச்சுக்கு ஆள் இல்லை.”

எனக்குப் பிடிபடவில்லை. புண் இல்லை, புரை இல்லை, சிவப்பும் இல்லை. டார்ச் அடித்தால் கருமணி சுருங்காமல் அகன்றே நின்றது. கண்ணின் உள்ளே பார்க்கும் ஆப்தல்மாஸ்கோப் ஒன்று கல்லூரி நாளிலிருந்து என்னிடம் இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். ரத்தக் குழாய்கள் நூலாக மெலிந்திருந்தன. விழித்திரையின் நடுவே ஒரு பட்டை கண்ணாடிபோல் பளபளத்தது. இரண்டு கண்ணிலும் ஒரே இடம், ஒரே வடிவம். அடிபட்டிருந்தால் இப்படி ஒத்துப்போகாது.

“என்ன சாப்பாடு போடறீங்க?”

“நாங்க சைவம். தயிர்சாதம், பால்.”

டாரின் என்றொரு சத்து இருக்கிறது. பூனைக்கு அது மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும்; நெடுநாள் கிடைக்காவிட்டால் விழித்திரை பட்டுப்போகும். பாடத்தில் படித்ததுதான், நேரில் கண்டதில்லை. அதைச் சொன்னேன்.

“எட்டு வருஷமா இதே சாப்பாடுதான். இத்தனை நாள் கண்ணு தெரிஞ்சுதே? கணக்கு இடிக்குதே டாக்டர்.”

எனக்கும் இடித்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலுக்குக் கம்பிக் கதவு, முற்றத்துக்கு மேலே கம்பி, ஜன்னல்களுக்குக் கொசுவலை. கொல்லைப்புறத்திலும் கம்பிக் கதவு, அதில் பூட்டு.

“இதெல்லாம் எப்பப் போட்டது சார்?”

“அவ காரியம் முடிஞ்சதும் பையன் இருந்து போட்டுட்டுப் போனான். தனியா இருக்கீங்கப்பா, அங்க எனக்குத் தூக்கம் வராதுன்னான்.”

“அதுக்கு முன்னாடி சின்னி எங்க இருக்கும்?”

“அவ ராத்திரி கொல்லைக் கதவைத் திறந்துவிடுவா. வயல் பக்கம் போயிட்டு விடியறப்ப வரும்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கொல்லைக்கு அடுத்தது சம்பா வயல். எலிக்குக் குறைவில்லாத வயல்.

கதவுப் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். “மீன் குடுத்தா பார்வை வருமா?”

“வராது சார். இருதயத்துக்கும் அந்தச் சத்து வேணும், அதாவது கெடாம இருக்கும்.”

“திறந்து விட்டுட்டா?”

“இனிமே வழி தெரியாது. நாய்கிட்ட மாட்டிக்கும்.”

“அப்ப ரெண்டு பேரும் உள்ளேயேதான்.” சின்னியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “பையன் உங்களைப் பார்த்தா சொல்லிடாதீங்க. கம்பியை நினைச்சு அங்க உட்கார்ந்து வேதனைப்படுவான்.”

இப்போது எந்தப் பிராணி வந்தாலும், என்ன தின்கிறது என்பதோடு, எங்கே போய்வருகிறது என்றும் கேட்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் கேட்க வேண்டும். சின்னிக்கு அது பயன்படவில்லை.

மறுநாள் காலை, மருந்தகத்துக்குப் போகும் முன் கெண்டை மீன் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நமசிவாயம் கொல்லையில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார். துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு அவரே வேகவைத்தார். அவருக்கு முள் எடுக்கத் தெரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். பின்னால் சாத்திப் பூட்டியிருந்த கம்பிக் கதவைத் திறந்து அகலத் தள்ளி, நிலைப்படியில் தட்டை வைத்தார். சின்னி மோப்பம் பிடித்து வந்து, ஒரு துணுக்கு விடாமல் தின்றது. பிறகு திறந்திருந்த கதவுக்கு முதுகைக் காட்டி, சுவரை உரசிக்கொண்டே உள்ளே போய்விட்டது.