வெயிலடித்த நாளில் நின்ற ஜீப்பு

"இந்த வாரம் தேனி மாவட்ட மலைச்சரிவுகளில் கனமழை பெய்யக்கூடும்" என்று கைப்பேசியில் வானிலைச் செய்தி சொன்னதும், அத்தாவின் ஜீப்பிலிருந்த பச்சை ஏலக்காய் வாசனை எனக்கு வந்துவிட்டது.

அத்தா, என் அப்பா, போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் டிரைவர். சனிக்கிழமைகளில் நானும் முன்சீட்டில் போவேன். ஓர் ஐப்பசிக் காலையில், குரங்கணி டீக்கடை ரேடியோவில் இதே எச்சரிக்கையைக் கேட்டவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தோட்டத்துக் கங்காணி கத்தினார். "வெயில் சுள்ளுனு அடிக்குது. சோலி கெடக்கு, வெரசா எடுங்க பாய்!"

"எறங்கும்போது பாறை உருண்டா நீங்களா வந்து தாங்குவீக? எடுக்க மாட்டேன்."

பின்னாலிருந்த பேச்சியக்கா முதலில் இறங்கினார். "அண்ணே போகலைன்னா நாங்களும் போகலை." மற்ற பெண்களும் தூக்குவாளிகளோடு இறங்கிவிட்டார்கள்.

அன்று ஒரு தூறல்கூட விழவில்லை. சாயங்காலம் டீக்கடையே அத்தாவைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் நிதானமாக டீயை உறிஞ்சினார்.

"மழை வராதது நல்லதுதானம்மா. நாளைக்கும் ரேடியோவுல சொன்னா, நாளைக்கும் எடுக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். அந்தத் தோட்டத்துச் சவாரி கைவிட்டுப் போனது. தேவாரத்துக் காய்கறி லோடு ஏற்றி எங்களை வளர்த்தார்.

இப்போது என் பெயரில் இரண்டு ஜீப்புகள் ஓடுகின்றன. சற்றுமுன் தோட்டத்து மேனேஜர் கூப்பிட்டார்.

"வானம் பளிச்சுனு இருக்குக்கா. வண்டிய அனுப்புங்க."

"இந்த வாரம் என் வண்டி மலையேறாது தம்பி."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"பாருங்க. மழை எச்சரிக்கைய அவுகளுக்கும் நானே சொல்லிர்றேன்" என்று வைத்தேன். பிறகு ஜீப் ஸ்டாண்டு டிரைவர்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட ஆரம்பித்தேன்.