கடிதங்களில் படித்தவள்

நாற்பத்து நாலு வயதில் ஒருத்தி கல்லூரியில் சேரப்போகிறேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பாடப்புத்தகமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும். இருபத்தேழு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் இவள். அச்சகத்தை இழுத்து மூடிய பிறகு, போன இடமெல்லாம் "டிகிரி இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்குத்தான் வழியில்லை.

வேலை இல்லாதவர்களுக்குக் கடன் கிடையாது என்றது வங்கி. அண்ணனிடம் கேட்டதற்கு, "வீட்டு லோன் கழுத்தை நெரிக்குதும்மா" என்றான். மிஞ்சியது படிப்புக்கு உதவும் ஓர் அறக்கட்டளை. அங்கே வயது வரம்பு இல்லை. பதினேழு வயதில் அவள் விண்ணப்பித்த அதே இடம். "கிடைக்கலம்மா, உன் மார்க் போதாதாம்" என்று அப்பா அன்று சொன்னார். மறுவாரமே அச்சகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தன் மண்டையில் ஒன்றுமில்லை என்று அவள் நம்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அலுவலகத்து எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஒருத்தருக்கு ஒரு தடவைதாம்மா தருவோம். நீங்கதான் ஏற்கெனவே வாங்கியிருக்கீங்களே?"

"நானா?"

அவர் பழைய கோப்பைத் திருப்பி வைத்தார். அவள் பெயர். மூன்று வருட உதவி. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து. கூடவே, அரையாண்டுக்கு ஒன்றாக, அப்பா எழுதிய ஆறு கடிதங்கள்.

மகள் நன்றாகப் படிக்கிறாள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. வேதியியலில் ஒரு தாள் போய்விட்டது, மறுபடி எழுதித் தேறிவிட்டாள். அவள் அச்சு மை நாற்றத்தில் குனிந்து கிடந்த மூன்று வருடமும், அவள் பெயரோடு இன்னொருத்தி எங்கோ ஒரு விடுதியில் உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

ஐந்தாவது கடிதத்தில் கண் நின்றது. தொழில் புத்தி எங்கே போகும்? "என் மகள்" என்பதில் கடைசி எழுத்து மட்டும் தடித்திருந்தது. ள் என்ற எழுத்துக்கு அடியில் ஒரு ன் இருந்தது. மகன் என்று எழுதிவிட்டு அப்பா திருத்தியிருக்கிறார். வேதியியலில் தவறியவன் அண்ணன். விடுதிச் சாப்பாட்டைத் திட்டியவனும் அவனேதான்.

"நடந்ததை எழுதிக் குடுங்க, கமிட்டில வைக்கிறேன்" என்றார் எழுத்தர். "ஆனா உங்கப்பா பேர் மோசடின்னு கோப்புல ஏறிடும். யோசிச்சுக்கோங்க."

அப்பா போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அவளுக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்கே போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர். "எழுதாதேம்மா" என்று காதோரம் அவர் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். காலி நாற்காலிதான். தாழ்வாரத்துக்கு வந்து அண்ணனுக்கு போன் போட்டாள்.

"நீ படிச்சது என் பணத்துலன்னு உனக்குத் தெரியுமாண்ணா?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"தெரியும் பாப்பா. கடைசில ஆஸ்பத்திரில வச்சு சொன்னாரு. போனவர் பேரைக் கெடுத்துடாத. ஃபீஸ் முழுசும் நான் கட்டிடறேன்."

போன மாதம் இல்லாத பணம் இப்போது எங்கிருந்தோ குதித்துவிட்டது.

"அவர் என் பேரையே எடுத்துக்கிட்டாரேண்ணா" என்று சொல்லி போனை வைத்தாள்.

உள்ளே போய் எழுதினாள். அப்பாவை வெறுக்க முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டாள்.

அறக்கட்டளையின் பணம் வந்தது. முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் உடனே வாய் திறக்கவில்லை. வேறொருத்தி எழுந்து நின்றுவிடுவாளோ என்று பின்வரிசை வரை பார்த்தாள். பேராசிரியர் இரண்டாம் முறை கூப்பிட்டார். யாரும் எழவில்லை.

"உள்ளேன் ஐயா" என்றாள்.