மாவுக்கட்டில் ஊற்றிய எண்ணெய்

கடியப்பட்டணத்துக்காரி ஒருத்தியை நான் திட்டிய திட்டை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மிஷன் ஆசுபத்திரியில் எலும்பு முறிந்தவர்களின் வார்டுக்கு நான்தான் நர்சு. கறாருக்குப் பேர்போனவள். வார்டில் இருமுவதற்கும் என்னிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்று கேலி பேசுவார்கள்.

அவள் புருஷன், கட்டுமரத்தைக் கரையேற்றும்போது மரம் உருண்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வந்தவர். டாக்டர் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டார். ஒரு வாரத்தில் கட்டு பிசுபிசுத்து உதிரத் தொடங்கியது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு எண்ணெய்க் குப்பி.

"ஏட்டி, என்ன காரியம் செய்து வச்சிருக்கே?" என்று கத்தினேன்.

அவள் பயப்படவில்லை. "எங்கூருல ஆசான் எலும்பு கெட்டினா காலையும் அந்தியும் கெட்டு நனைய எண்ண ஊத்துவாரு. நீங்க ஒரு சொட்டு ஊத்தல்ல. வேலத் தெரக்குல மறந்துட்டியளோன்னு நான் ஊத்தினேன், நர்சம்மா."

மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றும் நாட்டு வைத்திய ஆசானின் கட்டுக்கு எண்ணெய் சரி. மாவுக்கட்டு அதைத் தாங்காது. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். டாக்டரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே பழைய கட்டை அறுத்தார். மனுஷன் இன்னொரு முறை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

புதுக்கட்டுக் காய்ந்ததும் அவள் டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்: "எலும்பு கூடும், சரி. முட்டு மடங்குமா? இங்க வந்து கெட்டிட்டுப் போன ஒருத்தன் எங்க தெருவுல கால நீட்டிப்போட்டு வல பின்னுகான். கட்டுமரத்துல குத்தவச்சு இருக்க முடியாம இவரு என்ன செய்வாரு?"

மறுநாள் டாக்டர் பழைய பதிவேட்டிலிருந்து கால் முறிந்தவர்களின் பேரை எழுதி என் கையில் கொடுத்தார். அத்தனை பேருக்கும் நேரே 'குணம்' என்று இருந்தது, என் கையெழுத்தில். மாட்டுவண்டியிலும் நடந்துமாக முட்டம் வரை ஊர் ஊராய்ப் போனேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி: குத்தவைத்து உட்கார முடிகிறதா? பெரும்பாலானவர்களால் முடியவில்லை. முட்டத்துப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எழும்பி நில்லுன்னு சொன்னிய, நின்னேன். இருக்க முடியுமான்னு யாரும் கேக்கல்லியே, மோளே."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சல்.

எலும்பு பிடித்ததும் டாக்டர் இந்த முறை கட்டை நெடுக அறுத்து இரண்டு பாதியாக்கினார். தினமும் அதைக் கழற்றுவோம். நான் முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்குவேன், அவள் எண்ணெய் தேய்ப்பாள், மறுபடி பாதிகளைப் பொருத்திக் கட்டுவோம். "இப்பமாவது எண்ண வேணும்னு தோணிச்சே உங்களுக்கு" என்று குத்திக் காட்டுவாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் மீன் விற்கப் போன நாட்களில் நானே எண்ணெய் தேய்த்தேன். சரியாகத் தேய்க்கவில்லை என்று வந்து குறை சொல்வாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள். டாக்டர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "குத்தவச்சு இருங்க பார்ப்போம்" என்றார். மனுஷன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். பாதியில் நின்றார். பிறகு குதிகால் இரண்டும் தரையில் படிய, முழுதாகக் குத்தவைத்துவிட்டார்.

"போதும், எழும்பலாம்" என்றேன்.

அவர் கட்டில் காலை விட்டுவிட்டு இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் இப்பிடியே இருந்துக்கிடுகேன், நர்சம்மா" என்றார்.