மதில் மேல் வைத்த கவர்

லூர்து மேரிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. விழுப்புரத்தில் சொந்தத் தையல் கடை, கூட வேலை செய்ய ஆட்கள் என்று வந்துவிட்ட பிறகும் அப்படித்தான். துணி வெட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் வாசலைப் பார்ப்பாள். திரும்பி வந்து, அணைத்த அயர்ன் பெட்டி அணைந்துதான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஆனால் அவள் தைத்துக் கொடுத்த சட்டையில் பட்டன் ஒரு நூல் தள்ளி இருந்தது என்று யாரும் வந்து நின்றதில்லை.

தம்பி பேச்சை எடுத்தால் மட்டும் கத்தரிக்கோல் நின்றுவிடும். இருதய அருண் இப்போது பஸ் கண்டக்டர். "எங்க அருணு பேப்பர் போட்டப்போ..." என்று அவள் ஆரம்பித்தால், துணி கொடுக்க வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்போது அவர்கள் திண்டிவனத்தில் இருந்தார்கள். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. அம்மா சவுரியம்மாள் விடியுமுன்னே நடவுக்கோ களையெடுக்கவோ போய்விடுவாள். அருணைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி விடுவதிலிருந்து காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குவது வரை எல்லாம் மேரிதான். ஒன்பதாம் வகுப்பில் அவன் சீனுவாசன் என்ற ஏஜெண்டிடம் பேப்பர் போடச் சேர்ந்தபோது, முதல் ஞாயிற்றுக்கிழமை அவனோடு லைன் முழுக்க நடந்தவளும் அவள்தான். எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர், எந்த வீட்டில் நாய், எந்த வீட்டுக் கதவுக்கடியில் சந்து இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ய வைத்தாள். அவன் பள்ளிக்கூடத்தில் ரேங்க் எதுவும் வாங்கியதில்லை. லைனில் மட்டும் ஒரு வீட்டுப் பேப்பர் இன்னொரு வீட்டில் விழுந்தது கிடையாது. மேரிக்கு அது போதும். அப்போது வேலை பார்த்த தையல் கடையில் அதைச் சொல்லிச் சொல்லியே எல்லார் காதையும் புளிக்க வைத்திருந்தாள்.

பேப்பர் பையன்களுக்குப் பண்டிகை இனாம் என்பது சம்பளத்தில் சேராத சம்பளம். அதை வாங்குவதற்கும் ஒரு முறை உண்டு. பூமாலை என்கிற பெரிய பையன்தான் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லித் தருவான். அருணுக்கும் சொன்னான்.

"பெல்லை ஒரு வாட்டிதான் அடிக்கணும். அன்னிக்கு மட்டும் பேப்பரை வீசாத, கையில குடு. 'ஹேப்பி தீபாவளி சார்'னு சொல்லிட்டு சைக்கிளுக்கு ஸ்டாண்டைப் போடு. ஸ்டாண்டு போட்டாத்தான் நீ நிக்கிறேன்னு அவங்களுக்குப் புரியும். குடுத்ததை அவங்க எதிர்ல பிரிச்சுப் பாக்காத. சார் குடுத்துட்டாருன்னா அம்மாகிட்ட மறுபடி போய் இளிக்காத. இந்து வூட்ல தீபாவளி, பாய் வூட்ல ரம்ஜான், உங்க ஆளுங்க வூட்ல கிறிஸ்துமஸ். பண்டிகை வூட்டுக்காரங்களுது. நம்மளுது கிடையாது, தெரிஞ்சிக்கோ."

முதல் தீபாவளிக்கு அருண் அதன்படியே ஸ்டாண்டைப் போட்டு நின்றான். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், ஜெயம்மா வீட்டுக் கதையையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பாண்டுரங்கன் என்ற மளிகைக்கடைக்காரரின் மனைவி ஜெயம். அந்தத் தெருவில் அவர்கள் வீடுதான் பெரிது.

"கேட்டுப் பக்கத்துல மதில் தூண் இருக்குதில்ல, அதுமேல வெச்சாங்க. எடுத்துக்கினு வந்தேன்."

"ஏன், கையில குடுக்கலியா?"

"தெரியல. வெச்சிட்டு உள்ள போய்ட்டாங்க."

ஊர்ப்பக்கம் அம்மா நடவுக்குப் போன ஒரு வீட்டில் கூலியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பார்கள். அம்மா குனிந்து எடுப்பாள். சின்ன வயதில் மேரி அதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையில் தம்பிக்கு ஒரு சட்டம் போட்டாள். இனி ஸ்டாண்டைப் போட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்கக்கூடாது. அவர்களாகக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளலாம். மதில் மேல் வைத்தால், "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

"மதில் மேல இருந்தா மட்டும் காசு செல்லாதா?" என்றாள் சவுரியம்மாள், வெற்றிலையை மடித்தபடி. "நான் எடுக்காம இருந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் வளந்திருப்பீங்களா?"

"நீ எடுத்தது போதும்மா. அவன் எடுக்க வேணாம்."

அடுத்த வருடம், 1998 தீபாவளிக்கு, அருண் பேப்பரைப் போட்டுவிட்டு நிற்காமல் போனான். ஜெயம் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டாள்.

"ஏம்பா, பால்காரன் வந்துட்டான், தபால்காரர் வந்துட்டாரு, நீ மட்டும் பறக்கிறே?"

அக்கா போட்ட சட்டத்தை எப்படிச் சொல்வது? "நாங்க கிறிஸ்டியன்மா" என்றான் அருண்.

"அப்படியா? சரி, உங்க பண்டிகைக்கு வாங்கிக்கோ."

அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க, இந்து வீட்டு அம்மாக்களே அவனைக் கூப்பிட்டு, "என்னிக்குப்பா உங்களுக்கு?" என்று கேட்டார்கள். "ரூலையே மாத்திட்டியேடா" என்று பூமாலை பொருமினான்.

மேரிக்கு ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம், மறுபடி யாராவது மதில் மேல் வைத்துவிடுவார்களோ என்ற பயம். காலையில் அவன் சைக்கிள் கிளம்பியதும் அவளும் தெருமுனை வரை போவாள், திரும்புவாள், மறுபடி போவாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் தெருக்காரர்கள் இனாம் கொடுத்தார்கள். கூப்பிட்டுக் கையில்தான் கொடுத்தார்கள். ஒரு தாத்தா கைகுலுக்கினார். ஜெயம் மட்டும் கேட்டைத் திறந்து, ஒரு கவரைத் தூண் மேல் வைத்துவிட்டு, "எடுத்துக்கோப்பா" என்று இரண்டடி பின்னால் போய் நின்றாள். அருண் தூணைப் பார்த்தான். "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துவிட்டான்.

அன்று சாயந்தரமே சீனுவாசன் அவனை வரச் சொன்னார்.

"இன்னாடா பேஜாரு பண்ணிக்கினு வந்திருக்கே? பாண்டுரங்கன் என் கடைக்கே வந்துட்டாரு. 'என் சம்சாரம் ஆசையா குடுத்ததை மதிக்காத பையன் எங்க தெருவுக்குள்ள வரக்கூடாது'ங்கிறாரு. அந்தத் தெருவுல பாதிப் பேரு அவரு சொல்லித்தான் எங்கிட்ட பேப்பர் வாங்கறாங்க. நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள போய் மன்னிப்புக் கேட்டு முடி. இல்லேன்னா பேப்பர் பையை வெச்சிட்டுப் போய்க்கினே இரு."

அந்தப் பை போனால், பத்தாம் வகுப்புக்கு மேல் அவன் படிப்பும் போனது மாதிரிதான். அப்பாவின் முதுகு அந்த வருடம் பாதி மூட்டையைத்தான் தாங்கியது. மேரியின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும்.

மறுநாள் தையல் கடையில் துணி மலையாகக் குவிந்திருந்தது. கிறிஸ்துமஸ் சட்டைகள். மேரி பட்டன் வைத்துக்கொண்டே இருந்தாள். போய் மன்னிப்புக் கேட்டால் தன் சட்டம் என்ன ஆவது? கேட்காவிட்டால் அவன் என்ன ஆவான்? எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். கடைக்காரி அம்சா ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னாடி இது? ஆம்பளை சட்டைக்கு பொம்பளைப் பக்கம் பட்டன் வெச்சிருக்கே! புது மாப்பிள்ளை இதைப் போட்டுக்கினு மாதா கோயிலுக்குப் போனா சாமியாரே சிரிப்பாரு."

மேரி அத்தனை பட்டனையும் பிரித்து மறுபடி வைத்தாள். வைத்து முடித்ததும், "அக்கா, நான் கொஞ்சம் போய்ட்டு வர்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

அருணைக் கூட்டிக்கொண்டு அவள் ஜெயம் வீட்டு வாசலுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். ஜெயம் வந்தாள். தலை வாரவில்லை. நெற்றியில் பொட்டு இல்லை.

"நான் அருணோட அக்காங்க."

"வாம்மா. உன் தம்பிக்கு ரொம்பத்தான் ரோஷம். பண்டிகைப் புள்ளையாச்சேன்னு கூப்பிட்டுக் குடுத்தா, மூஞ்சியைத் திருப்பிக்கினு போறான்."

"மன்னிப்புக் கேக்க வரலீங்க. ஒண்ணு கேட்டுப் போலாம்னு வந்தேன். எல்லாரும் கையில குடுத்தாங்க. நீங்க ஏங்க மதில் மேல வெச்சீங்க?"

ஜெயத்துக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை.

"எங்க ஊரு கெடார்ல கொழுந்தனார் தவறிட்டாரும்மா. இன்னும் காரியம் ஆவல. சாவு வூட்டுக் கையால, பண்டிகை கொண்டாடுற புள்ளைக்கு எப்படிக் குடுப்பேன்? அதான் தள்ளி வெச்சேன். அவனுக்கு ஆவாதுன்னுதான்."

அருண் அக்காவைப் பார்த்தான். அந்த வீட்டில் சாவு என்று யாருக்குத் தெரியும்? பந்தல் இல்லை, மேளம் இல்லை. எல்லாம் கெடாரிலேயே நடந்து முடிந்திருக்கிறது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"பொழுது விடியக்குள்ள, உங்க நல்ல நாளும் அதுவுமா, சாவு சேதியைச் சொல்லச் சொல்றியா? நீ இன்னான்னு நெனச்சே?"

மேரி திரும்பிப் போயிருக்கலாம். மன்னிப்பும் அந்த நிமிஷம் கேட்டிருக்கலாம், வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை.

"போன வருஷம் தீபாவளிக்கும் இதே தூண் மேலதாங்க வெச்சீங்க. அப்போ யாருங்க தவறினாங்க?"

அருண் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். ஜெயம் தூணைப் பார்த்தாள். உள்ளேயிருந்து பாண்டுரங்கன், "யாரது?" என்று குரல் கொடுத்தார்.

"பேப்பர் புள்ள வந்திருக்குது. நீங்க இருங்க" என்றாள் ஜெயம்.

உள்ளே போனாள். வர நேரமானது. மேரி கேட்டின் கம்பியைப் பிடித்தாள், விட்டாள். பை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். அம்சாவிடம் கூடுதலாக வேலை கேட்க வேண்டும், ராத்திரியில் தைக்க வேண்டும் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெயம் அதே கவரோடு வந்தாள். கேட்டைத் திறந்து வெளியே வந்து, அருண் முன்னால் நீட்டினாள். தூண் பக்கம் கை போகவில்லை.

"வாங்கிக்கோ. எங்கிட்ட வாங்கினதுக்குத் தலைக்கு ஊத்திக்கினு கோயிலுக்குப் போ. எங்க வூட்டு சாவை உன் பண்டிகையில சேத்துக்காத."

மேரி தம்பி தன்னைப் பார்ப்பான் என்று காத்திருந்தாள். அவன் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி, ஜெயத்தின் விரல் படவே, வாங்கிக்கொண்டான்.

"லைனுங்க?" என்றாள் மேரி.

"போடட்டும், போடட்டும். அவரை நான் பாத்துக்கிறேன். ஆனா ஒண்ணு, வீசறப்போ பாத்து வீசச் சொல்லு. ரெண்டு வாட்டி தண்ணித் தொட்டியில விழுந்து ஊறிப்போச்சு."

"தொட்டியிலயா?" மேரி ஆடிப்போய்விட்டாள். "எங்க அருணா?"

"வேற யாரு?"

திரும்பி நடக்கையில் மேரி சாவைப் பற்றியும் பேசவில்லை, தூணைப் பற்றியும் பேசவில்லை. "தொட்டியில போட்டியாடா? ஏன்டா எங்கிட்ட சொல்லல? நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேன்!" என்று ரயில்வே கேட் வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

அவள் மூச்சு வாங்க நின்ற இடத்தில் அருண் கேட்டான்: "அக்கா, நான் தலைக்கு ஊத்திக்கணுமா? நமக்குத்தான் தீட்டெல்லாம் கிடையாதே."

மேரி வேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அடுப்பில் குண்டானை ஏற்றித் தண்ணீரை ஊற்றினாள்.

"யாருக்குடி வெந்நீரு?" என்றாள் சவுரியம்மாள்.

"அருணுக்கு."

"காலையிலதானே குளிச்சான்?"

"இன்னொரு வாட்டி குளிச்சா தேஞ்சா போயிடுவான்?" என்று சொல்லிவிட்டு, இன்னும் சூடேறாத தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள் மேரி.