வலப்பக்கத்து மவுஸ்

1. பி.சி.ஏ. படித்த மூன்று வருடமும் நானும் அவளும் ஒரே கணினியில் பழகினோம்.
2. கடைசி வருடம் ஒரு நிறுவனம் ஆள் எடுக்க வந்தது. தேர்வில் ஆளுக்கொரு கணினி.
3. நான் "ம்" என்றேன்.
4. எனக்கு வேலை கிடைத்தது.

எப்படிச் சொன்னாலும் இந்த நான்கு வரிதான் வருகிறது. மூன்றாவதை மட்டும் விளக்க வேண்டும்.

என் அலுவலக மேசையில் கீபோர்டுக்கு வலப்பக்கம் ஒரு கறுப்பு மவுஸ் இருக்கிறது. எல்லோர் மேசையிலும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு மட்டும் அது வேறு யாரோ வைத்துவிட்டுப் போனது போலத் தெரிகிறது.

பெங்களூரில் எங்கள் கல்லூரி லேபில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்தது அவள் பெயர், அதனால் என் வலப்பக்கத்து ஸ்டூல் அவளுக்கு. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். வாரிய தலை கலைந்தே வந்து சேரும். இடக்கைப் பழக்கம் உள்ளவள். எங்களுக்கு நடுவில் கிடந்த மவுஸ் அவள் இடக்கைக்கு வாகாக அமைந்தது. கீபோர்டு என்னுடையதாயிற்று. நான் அடித்து முடித்ததும் "ம்" என்பேன், அவள் கிளிக் செய்வாள். புரோகிராம் ஓடிவிட்டால் மவுஸைத் தட்டிக்கொடுப்பாள்.

"உன்னுது பாதி மூளை, என்னுது பாதி. ரெண்டு பேத்துக்கும் சேத்து ஒரே வேலை குடுத்தாலும் போதும்டி."

"உன் பாதி வெறும் ஒரு விரல்தானே?"

"அந்த விரல் இல்லாம உன் புரோகிராம் ஓடுமா, மகாராணி?"

அவள் அப்பா ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். அவளுக்கு வேலை கிடைத்த பிறகுதான் தங்கையைக் கல்லூரியில் சேர்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதை அவள் ஒரே ஒரு தடவை, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்.

தேர்வன்றும் வரிசை எண்படிதான் உட்காரவைத்தார்கள். அவள் எனக்கு வலப்பக்கம், தனிக் கணினியில். நான் கடைசி வரியை அடித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே "ம்" என்றேன். ஓர் இடக்கை வந்தது. என் மவுஸைப் பிடித்து 'சப்மிட்' மேல் கிளிக் செய்தது. அதன் பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரையில் புரோகிராம் பாதியில் நின்றிருந்தது.

மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். "ஏளம்மா, ஹொரகடே ஹோகு," என்று கன்னடத்தில் சொல்லி வாசலைக் காட்டினார். அவள் எழுந்தாள். நானும் எழுந்து, "சார், கூப்பிட்டது நான்தான், லேப்ல அப்படியே பழகிட்டோம்," என்றேன். "உங்க டெஸ்ட் சப்மிட் ஆயிடுச்சு. நீங்களும் கிளம்பலாம்," என்றார். அவருக்கு விஷயம் அதோடு முடிந்தது.

வெளியே படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். "ஓடுச்சா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். தன் முழங்காலை ஒரு முறை தட்டிக்கொடுத்தாள்.

நான் அழவில்லை. வேலை உறுதியான மின்னஞ்சல் வந்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. எந்தச் சான்றிதழ்கள் வேண்டும் என்று பட்டியல் எழுதினேன். சேர்ந்த பிறகு அவள் பெயரைப் பரிந்துரைத்தேன்; முறைகேட்டுக்காக நீக்கப்பட்டவர் என்று பதில் வந்தது.

இன்றும் அடித்து முடித்ததும் "ம்" என்கிறேன். வலப்பக்கத்தில் இருப்பவர் ஹெட்போனைக் கழற்றி, "என்னையா கூப்ட்டீங்க?" என்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டு நானே கிளிக் செய்கிறேன்.

அவள் சந்தாபுராவில் ஒரு கடையில் பில் போடுகிறாள். தங்கை வீட்டில் இருக்கிறாள். நான் இங்கே இருக்கிறேன்.