கிறிஸ்டி இறங்கிய பச்சைக் குளம்

தா.பழூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் கிறிஸ்டியின் வீடு குளத்தைப் பார்த்தபடி இருந்தது. கணவர் ஜோசப் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். ஞாயிறு பூசைக்குத்தான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் அவளும் மகள் ஷைனியும், ஒரு கிடாரியும்தான்.

அந்தப் பங்குனியில் குளம் பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றியதுபோல் கிடந்தது. வெயில் காலத்துப் பாசிதானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு காலையில் கிடாரி கரையோரத் தண்ணீரைப் பாசியோடு சேர்த்துக் குடித்தது. வீடு வருவதற்குள் கால் பின்னியது. நடுங்கி விழுந்து, மாட்டு டாக்டர் வருமுன்பே செத்துப்போனது. கிறிஸ்டிக்கு அழக்கூட நேரமில்லை. அதே தண்ணீரில்தான் ஷைனி குளித்துவிட்டு வந்திருந்தாள். உள்ளே ஓடிப் பார்த்தால் பிள்ளை வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள்; கையெல்லாம் தடிப்பு.

அரியலூர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மகளின் மூக்கடியில் விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஷைனி பிழைத்துக்கொண்டாள்.

பாசியைக் கொல்லக் குளத்தில் மயில்துத்தத்தைக் கொட்டிவிடலாம் என்றார் வார்டு உறுப்பினர் வைரக்கண்ணு. சுகாதாரத் துறையிலிருந்து தண்ணீரைச் சோதிக்க வந்த ஹேமலதா தடுத்தார்.

"கொட்டாதீங்க. பாசி ஒரேயடியா செத்தா, உள்ள இருக்குற விஷம் மொத்தமும் தண்ணியில எறங்கிடும்."

வீடுகளின் சோப்புத் தண்ணீரும் வயல் உரமும்தான் பாசிக்குத் தீனி என்று அவர் விளக்கினார். சாக்கடையைக் குளத்துக்கு விடாமல் திருப்ப வேண்டும், மிதப்பதை அள்ள வேண்டும், தண்ணீர் வற்றியதும் சேற்றை வார வேண்டும்.

சாக்கடைக்குக் குழி வெட்ட ஆள் சேர்ந்தது. பாசி அள்ள வைரக்கண்ணுவும் கிறிஸ்டியும் மட்டுமே வந்தார்கள். போனில் ஜோசப் வேண்டாமென்று கெஞ்சினார்.

"எனக்கும் பயம்தாங்க. கொளம் வாசல்லயே கெடக்குது, புள்ளைய வச்சிக்கிட்டு எங்க ஓடுறது?" என்றாள்.

கையுறையும் முழங்கால் பூட்ஸும் போட்டு, ஆளுக்கொரு முனையாக வலைத்துணியைப் பிடித்து இழுத்தார்கள். முதல் நாளே அவள் சேற்றில் வழுக்கினாள். பச்சைத் தண்ணீர் உதட்டைத் தொட்டது. கரையேறித் துப்பித் துப்பிக் குழாய்த் தண்ணீரில் கழுவினாள். பிறகு பொழுது சாயும்வரை, கால் நடுங்கத் தொடங்குகிறதா என்று தன் உடம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் போனாள்.

கோடையில் சேறு வாரினார்கள். ஐப்பசி மழை வந்து குளம் நிறைந்தது. சோதனையில் தண்ணீர் தேறிவிட்டதாக ஹேமலதா சொல்லியனுப்பினார். ஊர் மாடுகள் மறுபடி இறங்கின.

அடுத்த கோடையில் ஒருநாள், தெற்கு மூலையில் வெளிறிய படலமொன்று மிதந்தது. கிறிஸ்டி மாடுகளைக் கத்தி விரட்டிவிட்டு, குச்சியால் இழுத்துப் பார்த்தாள். காற்றில் உதிர்ந்த புங்கம்பூ. தெரிந்த பிறகும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, பூவையெல்லாம் ஒன்றுவிடாமல் அரித்து எடுத்தாள்.